ஓடாத படத்துக்கு ரசிகன் மேல் பழி

தமிழில் ஒரு படம் ஊற்றிக்கொண்டால் அதற்கு இப்போது இரண்டே காரணங்கள்தான் சொல்கிறார்கள். படம் மோசம் என்றால் இயக்குநர் சரியில்லை. மோசம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் ரசிகன் சரியில்லை.

இரண்டாவது வகைக்கென்று ஒரு தனிப்பட்டியலே இருக்கிறது. 'குணா', 'ஹே ராம்', 'ஆளவந்தான்', 'அன்பே சிவம்', 'ஆயிரத்தில் ஒருவன்'. இவை நாம் கொண்டாடத் தவறிய படங்களாம், காலத்தை முந்தி வந்த படங்களாம். அன்றைக்குத் தியேட்டருக்கு வந்தவனுக்குப் புரியவில்லை, இன்றைக்குச் செல்போனில் பார்க்கிறவனுக்குப் புரிந்துவிட்டது, ஆகவே காலத்தின் தீர்ப்பு வந்துவிட்டது. இதைச் சொல்கிறவர்கள் ஒருவர் இருவர் அல்ல. யூடியூப் விமர்சகர், வார இதழ், கல்லூரிப் பேச்சுப் போட்டி, படவிழா மேடை எங்கும் இதுதான் பாட்டு. அந்தப் படங்களை எடுத்தவர்களே பேட்டிகளில் லேசாகத் தலையசைத்து ஆமோதிக்கிறார்கள். ஆமோதிக்க மாட்டார்களா என்ன!

இது வீண்பழி என்பது என் கட்சி. இந்தப் படங்களில் பெரும்பாலானவை ஓடாமல் போனதற்குக் காரணம் அந்தந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைச் சரியாகவே கண்டுகொண்டார்கள்.

பட்டியலின் தலையில் எப்போதும் இருக்கும் 'அன்பே சிவ'த்தையே எடுத்துக்கொள்வோம். 2003 பொங்கலுக்கு வந்தது. கமல்ஹாசன் எழுத்து, மதன் வசனம், வித்யாசாகர் இசை, சுந்தர் சி. இயக்கம். அதே பொங்கலுக்கு வந்த விக்ரமின் 'தூள்' சக்கைப்போடு போட்டது, இது படுத்துவிட்டது. குத்துப்பாட்டுக்கு விழுந்த தமிழன் மனிதநேயத்தைத் தெருவில் விட்டான் என்பது வழக்கமான தீர்ப்பு. (கொண்டாடும்போது இது கமல் படம், தோற்ற கதையைச் சொல்லும்போது மட்டும் சுந்தர் சி. படம். இந்தக் கணக்கு எனக்கு என்றுமே விளங்கியதில்லை.)

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை வெள்ளத்தில் விமானம் ரத்தாகிப் புவனேஸ்வரத்தில் மாட்டிக்கொள்ளும் விளம்பரப் பட இயக்குநர் அன்பரசுவும், தழும்பேறிய முகமும் தடிமனான கண்ணாடியுமாக அவனோடு ஒட்டிக்கொள்ளும் நல்லசிவமும் வரும் காட்சிகள் அருமையானவை. மாதவனின் எரிச்சலுக்கு ஈடுகொடுத்துக் கமல் அசராமல் பேசிக்கொண்டே போவதும், ஓட்டல் அறையில் இருவரும் மல்லுக்கு நிற்பதும் தமிழில் அபூர்வமான நகைச்சுவை. ரயில் விபத்தில் அடிபட்ட சிறுவனுக்கு அன்பரசு ரத்தம் கொடுத்தும் அவன் பிழைக்காமல் போகும் இடத்தில் படம் ஒரு கணம் உண்மையாகவே கனக்கிறது. அந்த அளவோடு நின்றிருந்தால் நானும் கொடி பிடித்திருப்பேன்.

ஆனால் பிளாஷ்பேக் வருகிறது. திருநீறு பூசிய கெட்ட முதலாளி, அவருடைய மகள், மகளைக் காதலிக்கும் தொழிற்சங்கக்காரன். இந்த முக்கோணம் எந்த வருஷத்துச் சரக்கு? அறுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படங்களிலேயே கிழிந்துபோன கதை. காதலியின் வாழ்வுக்காகத் தன்னை விலக்கிக்கொண்டு நடந்துபோகும் நாயகனும் அதே காலத்து ஆசாமிதான். தியாகக் காதலைத் தமிழனுக்கு 1959இலேயே 'கல்யாணப் பரிசு' போதுமான அளவுக்குக் கொடுத்துவிட்டது. காலத்தை முந்தியதாகச் சொல்லப்படும் படத்தின் நடு எலும்பு, வந்த காலத்துக்கு நாற்பது வருஷம் பிந்தியது.

இன்னொன்றைக் கவனியுங்கள். இதை இடதுசாரிப் படம் என்று கொண்டாடுகிறார்கள். தொழிலாளிகளில் ஒருவர் பெயராவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? வீதி நாடகத்தில் கைதட்டவும், போலீஸ் அடித்தால் சிதறி ஓடவும்தான் அவர்கள் படத்தில் வருகிறார்கள். கடைசியில் சம்பள உயர்வு எப்படிக் கிடைக்கிறது? வேலைநிறுத்தத்தால் அல்ல, பேச்சுவார்த்தையால் அல்ல. கல்யாண மண்டபத்தில் நாயகன் முதலாளியிடம் ஒரு கையெழுத்து வாங்குகிறான். மகள் கல்யாணத்தில் குறுக்கே நிற்காமல் விலகிக்கொள்வதற்கு அதுதான் விலை. சங்கம் போராடி வாங்க வேண்டியதை ஒரு தனி மனிதன் தன் காதலை விற்று வாங்கித் தருகிறான். கைதூக்கிவிட ஒரு நாயகன் வேண்டும், கும்பல் நன்றியோடு நின்றால் போதும் என்பது எம்.ஜி.ஆர். பட அரசியல். எம்.ஜி.ஆர். குறைந்தபட்சம் சண்டையும் போட்டுக் காட்டினார்.

அதே 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் 1.7 லட்சம் பேரை அரசு ஒரே மூச்சில் வேலைநீக்கம் செய்தது. ஆகப் போராட்டம், சங்கம், முதலாளித்துவம் என்றால் என்னவென்று தெரியாத சமூகத்துக்கு அந்தப் படம் பாடம் நடத்தவில்லை. படத்துக்கு வந்திருந்தவர்களில் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அவர்களுக்குப் புரியாமல் போக அதில் என்ன இருக்கிறது?

சுனாமி விஷயத்தையும் முடித்துவிடலாம். படத்தில் நல்லசிவம் சுனாமி பற்றிப் பேசுகிறான், மறுவருஷம் டிசம்பர் 26இல் சுனாமி வந்தது, ஆகவே கமல் தீர்க்கதரிசி. பூகோளப் பாடத்தில் இருந்த விஷயத்தை ஒரு பாத்திரம் பேசினால் அது ஆரூடம் ஆகிவிடுமா? ஒரு படத்தின் பெருமையைச் சொல்ல இதையெல்லாம் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது என்பதே அந்தப் பெருமையின் நிலைமையைக் காட்டுகிறது.

சரி, அந்த 'அறிவில்லாத' ரசிகனின் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

1977இல் கோவணம் கட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து, வெற்றிலை எச்சில் வழிய நின்ற ஒரு சப்பாணியை அவன் நாயகனாக ஏற்றுக்கொண்டான். ஸ்டுடியோ வாசனையே இல்லாமல் கிராமத்தில் எடுக்கப்பட்ட '16 வயதினிலே' வெள்ளி விழா கொண்டாடியது. நடித்தவர் அதே கமல்ஹாசன். 1982இல், தான் சோறூட்டி வளர்த்தவள் தன்னை அடையாளம் தெரியாமலே ரயிலேறிப் போவதைப் பார்த்துக் குரங்கு வேஷம் போட்டுக் குட்டிக்கரணம் அடிக்கும் கமலோடு 'மூன்றாம் பிறை' முடிகிறது. சுபம் போடவில்லையே என்று யாரும் ரகளை செய்யவில்லை. தியேட்டர் தியேட்டராக ஓடியது. 1987இன் 'நாயகன்' தீபாவளிக்கு வந்து ஓடியபிறகுதான் 'டைம்' பத்திரிகையின் நூறு படப் பட்டியலில் இடம் பிடித்தது. பட்டியலுக்குப் பதினெட்டு வருஷம் முன்பே தமிழ் ரசிகன் அதற்குச் சான்றிதழ் கொடுத்தாயிற்று.

கமலை விட்டுவிடுவோம். மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' 1979இல் வந்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து முளைத்த படம். பெரிய நட்சத்திரம் இல்லை, வசனம் குறைவு, மையப் பாத்திரமே ஒரு கொடுமைக்காரன், கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றில் இறங்கிச் சாகச் சொல்கிறது. இதைவிடக் கஷ்டமான படத்தை இன்றைக்கு எந்தத் தயாரிப்பாளரிடம் சொல்ல முடியும்? ஓடியது. அதற்கு முந்தைய வருஷம் அதே மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' முதல் சில வாரம் காற்றாடியது. பிறகு பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லிச் சொல்லி நூறு நாளைத் தாண்டியது.

'சேது' கதை இன்னும் சுவாரசியம். விநியோகஸ்தர்களுக்குப் பலமுறை போட்டுக் காட்டியும் வாங்க ஆளில்லை. நாயகன் மனநிலை பிறழ்ந்து, மொட்டையடித்து, கடைசியில் காதலி செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கும் படத்தை எவன் பார்ப்பான் என்று வியாபாரிகள் கேட்டார்கள். 1999 டிசம்பரில் வேண்டாவெறுப்பாகப் பகல் காட்சியாகப் போட்டார்கள். முகவரி இல்லாத ஒரு புது இயக்குநர், அதுவரை ராசியில்லாத நடிகர் என்று பெயர் எடுத்த விக்ரம், விளம்பரத்துக்குக் காசில்லை. அந்தப் படத்தை நூறு நாள் படமாக்கியது யார்? விமர்சகர்களா, படவிழாவா? கவுன்ட்டரில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய சாதாரண ஆள். மூன்றே வருஷம் கழித்து 'அன்பே சிவம்' வந்தபோதும் தியேட்டரில் உட்கார்ந்திருந்தது அதே ஆள்தான். இடையில் அவனுக்கு மூளை கழன்றுவிட்டதா?

அப்படியானால் இந்தப் படங்களின் மதிப்பு பின்னால் எப்படி ஏறியது? தொலைக்காட்சிதான் காரணம். தியேட்டரில் 'அன்பே சிவம்' பார்த்தவன் இரண்டே முக்கால் மணி நேரத்தை ஒரே மூச்சில் அனுபவித்தான், பிளாஷ்பேக்கின் தொய்வையும் சேர்த்து. தொலைக்காட்சியில் பார்த்தவன் புவனேஸ்வரத்தைப் பார்த்தான், பிளாஷ்பேக்கில் எழுந்து போய்ச் சாப்பிட்டான், கிளைமாக்ஸுக்குத் திரும்பி வந்தான். அதற்கும் அடுத்த தலைமுறை அந்தச் சிரமத்தையும் படவில்லை. இரண்டு நிமிஷத் துண்டு, பின்னணியில் தலைப்புப் பாட்டு, கடவுள் யார் என்று நல்லசிவம் சொல்லும் பதில், முடிந்தது. படத்தின் நல்ல இடங்களை மட்டும் நறுக்கி எடுத்துத் தொகுத்தால் எந்தச் சுமாரான படமும் காவியம்தான். இப்படிப் பார்த்துவிட்டு, முழுப் படத்தையும் இருட்டில் உட்கார்ந்து பார்த்தவனை முட்டாள் என்கிறார்கள்.

'குணா'வுக்கு நடந்ததும் இதுதான். 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோடு மோதி நசுங்கியது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் கொடைக்கானல் குகையையும் இளையராஜாவின் பாட்டையும் தோண்டி எடுத்துக்கொண்டு வந்ததும் தமிழ்நாடே உருகியது. பாட்டுக்கு உருகுவதில் தப்பே இல்லை, 1991லும் அந்தப் பாட்டுக்கு உருகினோம். ஆனால் படம்? மனநிலை சரியில்லாத ஒருவன் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் மலையில் அடைத்துவைக்கிறான், அவள் மெல்ல மெல்ல அவனைக் காதலிக்கிறாள். காலம் இந்தக் கதையை நோக்கி வந்திருக்கிறதா, விலகிப் போயிருக்கிறதா? இன்றைக்குப் புதுப் படமாக வந்தால் இதே கொண்டாடிகள்தான் முதலில் செருப்பைக் கழற்றுவார்கள்.

'ஹே ராம்' இந்தப் பட்டியலில் இருக்கக் கூடாத படம் என்பேன், ஏனெனில் அது உண்மையிலேயே பெரிய முயற்சி. முதல் பகுதியில் 1946 கல்கத்தா கலவரமும், சாகேத் ராமின் வீட்டுக்குள் நுழையும் வன்முறையும் தமிழ் சினிமா அதுவரை போகாத தூரம். முதலில் எல்.சுப்பிரமணியம் போட்ட பாட்டுகளுக்குப் படப்பிடிப்பும் முடிந்த பிறகு, அந்த வாயசைப்புக்கே பொருந்தும்படி இளையராஜா புதிதாக மெட்டமைத்துக் கொடுத்தது ஒரு தனி அதிசயம். ஆனால் 2000இல் ரசிகனுக்குப் புரியவில்லை என்ற குற்றச்சாட்டை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தமிழ்ப் பதிப்பிலேயே பாத்திரங்கள் வங்காளத்திலும் இந்தியிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டே போகிறார்கள். அது யதார்த்தம் என்று வாதாடலாம், நியாயமான வாதம்தான். ஆனால் அம்பாசமுத்திரத்தில் படம் பார்த்தவருக்குப் புரியாமல் போனது கலை இல்லை ஐயா, இந்தி. காந்தியைக் கொல்லக் கிளம்பியவன் மனம் மாறும் இடமாவது அழுத்தமாக இருந்திருக்க வேண்டும். முதல் பாதியின் வெறியைக் கட்டியெழுப்ப எடுத்துக்கொண்ட நேரத்தில் கால்வாசியைக்கூட அந்த மாற்றத்துக்குப் படம் கொடுக்கவில்லை. அரைகுறையாக நின்ற ஒரு பெரிய படம். அப்படிச் சொன்னால் அதற்கு அவமரியாதை இல்லை.

'ஆளவந்தான்' பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2001இல் தோற்றது. 2023 டிசம்பரில் மறுபடியும் வெளியிட்டார்கள், கத்திரி போட்டு நீளத்தைக் கணிசமாகக் குறைத்து! காலத்தை முந்திய படமென்றால் காலம் வந்து சேர்ந்ததும் கத்திரி எதற்கு? அப்படியும் கூட்டம் அலைமோதவில்லை. நான்கு மாதம் கழித்து 'கில்லி'யை மறுவெளியீடு செய்தபோது தியேட்டர்கள் திருவிழாவானது. 2004இல் எதற்குக் கூட்டம் கூடியதோ அதற்குத்தான் 2024லும் கூடியது.

செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2010 பொங்கலுக்கு வந்தது. இதன் ரசிகர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. புதைமணலில் நடராசர் நிழல் விழ, அந்த நிழலின் மேலேயே கால் வைத்து ஓடும் காட்சியைக் கற்பனை செய்த மூளைக்கு ஒரு வணக்கம். சோழர் மிச்சங்களின் பசியும் அழுக்கும், பார்த்திபனின் அரசனும் மறக்க முடியாதவை. கடைசிக் காட்சிகளை 2009 மே மாதத்துக்குப் பிறகு எந்தத் தமிழனும் வெறும் கற்பனையாகப் பார்த்திருக்க முடியாது. ஆனால் அந்தக் கனத்தைக் கொண்டுவந்தது முள்ளிவாய்க்கால். படம் அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தது? ஹாலிவுட் புதையல் படங்களின் பாணியில் பொறிக்கு மேல் பொறியாக ஓடவிட்டு, இடையிடையே இரண்டு நாயகிகளைக் குடுமிப்பிடிச் சண்டை போடவைத்து, கார்த்தியை விசிலுக்காக வசனம் பேசவைத்துக்கொண்டிருந்தது. ஒரு படத்தின் பாதி வேடிக்கை, பாதி இழவு வீடு என்றால், வேடிக்கைக்கு வந்தவனும் குழம்புவான், துக்கத்துக்கு வந்தவனும் குழம்புவான்.

அந்தப் படம் 'ஓடவில்லை' என்ற கதையிலேயே ஓட்டை இருக்கிறது. உண்மையான செலவு 18 கோடிதான், பிரம்மாண்டம் காட்டுவதற்காக 32 கோடி என்று அறிவித்தோம் என்று 2021இல் செல்வராகவனே ட்விட்டரில் எழுதினார். அவர்கள் சொன்ன பொய்க் கணக்கால் சுமாரான வசூல் தோல்வியாகத் தெரிந்தது. அந்தப் பழியும் பத்து வருஷமாக ரசிகன் தலையில்! இதே படம் தெலுங்கில் நன்றாகவே ஓடியது. ஆந்திராவின் காலம் மட்டும் என்ன, நம்மைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்ததா?

நல்ல படம் தோற்றதே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 1954இல் ஏவி.எம். தயாரித்து எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாட்டே இல்லாமல் வந்தது. பாட்டில்லாத படத்துக்கா காசு என்று அன்றைய கூட்டம் கோபப்பட்டது. அதில் ரசிகன் பக்கம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்குப் பார்த்தாலும் அதில் வெட்டித் தள்ள ஒரு காட்சி இல்லை. மேலே சொன்ன ஐந்தில் எதைப் பற்றியாவது இப்படிச் சொல்ல முடியுமா?

உண்மையான அநியாயம் வேறு இடத்தில் நடந்தது. ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே இயக்கி எடுத்த 'உன்னைப்போல் ஒருவன்' 1965இல் வந்தது. குடிசைப் பகுதியில் ஒரு தாயும் மகனும். தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் விநியோகஸ்தர்கள் தொடவில்லை, தியேட்டர்கள் கிடைக்கவில்லை. மக்கள் அந்தப் படத்தை நிராகரிக்கவில்லை, அவர்கள் கண்ணில் அது காட்டப்படவே இல்லை. பெயரைச் சொன்னால் கமல் நடித்த 2009 படத்தைத்தான் இன்றைக்கு நினைத்துக்கொள்கிறார்கள். பாலு மகேந்திரா தன் 'வீடு' உள்ளிட்ட படங்களின் நெகட்டிவே இல்லாமல் போனதைச் சொல்லி, தமிழுக்கு ஒரு சினிமா ஆவணக் காப்பகம் வேண்டும் என்று மேடைக்கு மேடை கேட்டுக்கொண்டே 2014இல் மறைந்தார். கொண்டாடத் தவறியதற்காக மார்பில் அடித்துக்கொள்ளும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்தக் கோரிக்கைக்குக் கையெழுத்துப் போட்டார்கள்?

போட மாட்டார்கள். ஏனென்றால் இந்தக் கொண்டாட்டம் புறக்கணிக்கப்பட்டவர்களுக்கானது அல்ல. பட்டியலை மறுபடி பாருங்கள். ஐந்தில் நான்கு கமல் படங்கள், ஐந்தாவது அன்றைய உச்ச இயக்குநருடையது. எல்லாமே பெரிய விளம்பரத்தோடு, ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டி வந்தவை. பார்க்க எல்லா வாய்ப்பும் கொடுக்கப்பட்டு, பார்த்து, யோசித்து, தள்ளிவைக்கப்பட்டவை. கமல் தமிழின் ஆகச் சிறந்த நடிகர்களில் ஒருவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக அவருடைய ஒவ்வொரு தோல்விக்கும் ஏழு கோடிப் பேர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இதனால் நடந்திருக்கும் கேடு சின்னதல்ல. இப்போது படம் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை தூக்கப்பட்டால், திங்கட்கிழமை இயக்குநர் பேட்டியில் "பத்து வருஷம் கழித்துப் பேசுவீர்கள்" என்கிறார். திரைக்கதை எங்கே தொய்ந்தது, எந்தப் பாத்திரம் நிற்கவில்லை என்று யோசிக்க வேண்டிய மனிதர் வருங்காலத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். விமர்சகரும் குறையைச் சொல்லத் தயங்குகிறார், நாளைக்குத் தன்னையும் 'அன்றே புரியாதவர்' பட்டியலில் சேர்த்துவிடுவார்களோ என்று.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பட்டியலில் உங்களுக்கு மிகவும் பிடித்த படத்தை எடுங்கள். செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பாட்டைத் தள்ளாமல், பிளாஷ்பேக்கில் எழுந்து போகாமல், பெயர் போடுவதிலிருந்து வணக்கம் வரை ஒரே மூச்சில் பாருங்கள். அதன் பிறகும் அது காவியம் என்று தோன்றினால் தாராளமாகக் கொண்டாடுங்கள். ஆனால் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, அப்படி முழுசாகப் பார்த்துவிட்டு "சுமார்தான்" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தவரை இனிமேலாவது திட்டாதீர்கள்.